அழுத்தக் கூடாத கட்டி

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கைராசி அக்கா என்று கேட்டால் போதும், ஜெராக்ஸ் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கட்டைவிரலால் மாடியைக் காட்டுவார். மாடியில் ஒரே அறை. கண்ணாடிக்கு எதிரே இரண்டு நாற்காலி, திரைக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான கட்டில், மூலையில் முடி எடுக்கிற மெழுகோடு எந்நேரமும் சூடாக இருக்கும் வாக்ஸ் சட்டி. அந்த அறைக்குள் பதினான்கு வருஷமாகப் புருவம் திருத்தி, முகம் துடைத்து, முடி எடுத்து அவள் சம்பாதித்த பெயர் அது. அவள் கை பட்டால் பரு அமுங்கும், தழும்பு விழாது என்று பெண்கள் நம்பினார்கள். முதலில் அவள் அதை நம்பவில்லைதான். பதினான்கு வருஷம் ஒரு தெருவே சேர்ந்து சொன்னால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

அப்படிப்பட்டவள் செவ்வாய்க்கிழமை காலையில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். பதினைந்து வயது மகளுக்கு வலது அக்குளில் ஒரு கட்டி. வியாழக்கிழமை அது பட்டாணி. சனிக்கிழமை நெல்லிக்காய். இன்றைக்கு எலுமிச்சம்பழம். விட்டால் காய்கறிக் கடையே வைத்துவிடும் போலிருந்தது. மேலே தோல் இழுபட்டுச் சிவந்து மினுங்கியது, பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரிந்தது.

மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் உட்காராத பெண். அவள் இன்றைக்குக் கட்டிலில் சுருண்டு, வலது கையை மட்டும் உடம்போடு ஒட்டவிடாமல் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிருமா?"

"ஆயிரும்டி."

"இதையேதான் போன வெள்ளிக்கிழமையும் சொன்னே."

வெள்ளிக்கிழமை பள்ளிகளுக்கு இடையே வாலிபால் போட்டி. இந்த வருஷம்தான் அணியில் எடுத்திருந்தார்கள். புதுச் சட்டைக்குக் கை கிடையாது. அதற்காகத்தான் ஒன்பது நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "எல்லாருக்கும் பண்றே, எனக்குப் பண்ண மாட்டியா" என்று சிணுங்கி, வாலு பார்லர் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. அக்குளில் வாக்ஸ், முதல் தடவை. ஐந்து நிமிஷ வேலை. ஒரு கத்தல், ஒரு சிரிப்பு, முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை பட்டாணியைப் பார்த்ததும் கைராசி பதறவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். அதோடு விட்டிருந்தால் ஒரு பாவமும் இல்லை. சனிக்கிழமை வரை உடையவில்லை என்றதும் பொறுமை போய்விட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் வேலைக்குக் கிளம்பும் வழியில் எட்டிப் பார்த்து, "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துரலாமா?" என்றார்.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நான் வந்து சொல்றேனா?" என்று அவள் ஒரே வெட்டாக வெட்டினாள்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் கரும்புள்ளி எடுக்கும் கம்பியைக் கொதிநீரில் போட்டெடுத்து, பஞ்சை இரண்டு பக்கமும் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. வாலு தலையணையைக் கடித்துக்கொண்டு, "போதும்மா, போதும்மா" என்றது. திங்கட்கிழமை சாயங்காலம் இன்னொரு தடவை, இன்னும் பலமாக. ஒரு சொட்டு ரத்தம் வந்தது, அவ்வளவுதான். வராத சீழ் எங்கே போனது என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. விரல் வலித்தது என்று கையை உதறிக்கொண்டதுதான் ஞாபகம்.

செவ்வாய்க்கிழமை காலையில் காய்ச்சல் நூற்று இரண்டு. குளிர் எடுத்துப் பல் தந்தியடித்தது. கட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மார்புப் பக்கம் இறங்கியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு அவள் சேலையைக்கூட மாற்றவில்லை. கணவர் வண்டியை எடுத்தார். நான் அப்போதே சொன்னேனே என்று குத்திக்காட்டுகிற ஆளாக இருந்திருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் பாட்டுக்கு மேடுபள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருத்துவமனையில் டாக்டர் ஒரு சின்னப் பெண். முப்பது இருந்தால் அதிகம். புருவம் திருத்தி மாதக்கணக்காகியிருந்தது. பதினான்கு வருஷப் பழக்கம், கைராசியின் கண் முதலில் அங்கேதான் போனது. டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வாலுவின் கையை மெல்லத் தூக்கினாள். இரண்டு விரலால் கட்டியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இதை யாரு அழுத்தினது?"

கைராசி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் மகளின் குரல் வந்துவிட்டது.

"நான்தான் டாக்டர்."

"நீயா? வலது அக்குளை உன் இடது கையால இவ்வளவு பலமாவா? ரெண்டு பக்கமும் விரல் தடம் பதிஞ்சிருக்கு."

"ஆமா டாக்டர். கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு."

பொய்யை எவ்வளவு சரளமாகச் சொல்லுகிறது பார் என்று ஒரு நொடி வியப்பாகக்கூட இருந்தது. அடுத்த நொடி நான்தானே அழுத்தியது, சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல். சொன்னால் இந்தச் சின்னப் பெண் கேட்பாள்: நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வாலுவைப் பார்த்துத்தான் திட்டினாள். "கட்டிக்குள்ள சீழ் சேர்ந்தா உடம்பு அதைச் சுத்தி ஒரு சுவர் கட்டிக்கும், மத்த எடத்துக்குப் பரவாம. வெளியிலேர்ந்து அழுத்தினா அந்தச் சுவர் உடைஞ்சு சீழ் உள்பக்கம் போவும். அதான் காய்ச்சல், அதான் இந்தச் சிவப்புக் கோடு. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா சின்னதாக் கீறி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்ப ரெண்டு மூணு நாள் இங்கேயே இருந்து ஊசி போட்டுக்கணும். படிக்கிற பொண்ணுதானே நீ?"

வாலு தலையைக் குனிந்துகொண்டது. தன் தாய்க்கு விழ வேண்டிய திட்டை முழுசாக வாங்கிக்கொண்டது.

"இப்ப கீறித்தான் ஆகணும். மரத்துப்போற ஊசி போடறேன். எடுத்த சீழைப் பரிசோதனைக்கு அனுப்பணும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு தெரியும்." டாக்டர் எழுதிக்கொண்டே நிமிராமல் கேட்டாள். "வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி கட்டி இருக்கா? அக்கம்பக்கம்? துண்டு, ரேஸர் ஏதாவது மாத்தி உபயோகிச்சாங்களா?"

"இல்லைங்க," என்றாள் கைராசி. சட்டென்று வந்த பதில். யோசித்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். கணவர் மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு கீழே போனார். நடைவழியில் வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவளால் ஒன்றில் உட்கார முடியவில்லை. கதவுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடந்தாள். பதினெட்டு எட்டு வைத்தால் குழாய். திரும்பப் பதினெட்டு. கதவுக்குப் பின்னாலிருந்து, "அம்மா!" என்று ஒரு அலறல். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது அலறலைவிட மோசமாக இருந்தது.

துண்டு, ரேஸர். அதெல்லாம் அவளிடம் நடக்காது. ஆளுக்கு ஒரு துண்டு. ஆளுக்கு ஒரு குச்சி. வாக்ஸ் தடவுகிற மரக்குச்சியை ஒருத்திக்கு எடுத்தால் அவள் எழுந்துபோனதும் ஒடித்துக் குப்பையில் போட்டுவிடுவாள். மற்ற பார்லர்களில் ஒரே குச்சியை நாள் பூராவும் வைத்துத் தேய்க்கிறார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டியவள் அவள். அவளைப் போய்க் கேட்கிறாள் இந்தப் பெண்.

பதினோராவது எட்டில் கால் நின்றது.

ஆளுக்கு ஒரு குச்சிதான். ஆனால் அந்த ஒரு குச்சி சட்டியில் எத்தனை தடவை இறங்குகிறது? முக்கி எடுத்துத் தடவி, திரும்ப முக்கி, திரும்பத் தடவி, ஒரு அக்குளுக்கு நாலு தடவையாவது. ஒருத்தியின் தோலைத் தொட்டுவிட்டுச் சட்டிக்குள் போகிற குச்சி. குச்சியை ஒடித்துப் போட்டாள், சட்டி அப்படியே இருந்தது. சட்டி என்றைக்காவது காலியானதுண்டா? குறையக் குறைய மேலே போட்டு உருக்குவதுதான் வழக்கம். சூட்டில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னார்கள். அவளும் இத்தனை வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கடைசியாக வந்தது டீச்சர். மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறவள், இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையோடுதான் வருவாள். "அக்கா, அக்குள்ல ஒரு சின்னப் பரு இருக்கு, இன்னைக்கு வேண்டாமோ?" என்று அவள் கேட்டாள். "அதை நான் பார்த்துக்கறேன், நீங்க கையைத் தூக்குங்க" என்று இவள் சொன்னாள். வியாழக்கிழமை டீச்சர் போன் செய்து, பரு கட்டியாகிவிட்டது என்றாள். உடம்புச் சூடு என்றும், கறுப்புக் களிம்பு போட்டு ஒத்தடம் கொடுத்தால் பழுத்து உடைந்துவிடும் என்றும் இவள் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் மகளின் அக்குளில் பட்டாணியைப் பார்த்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

கதவு திறந்தது. நர்ஸ் ஒரு மூடிய தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நாற்றம் குப்பென்று அடித்தது. தன் பிள்ளையின் உடம்புக்குள் இது இருந்ததா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

உள்ளே வாலு வியர்த்துப்போய்ப் படுத்திருந்தது. அக்குளில் பெரிய கட்டு. ஆனால் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது.

"நிறைய வந்துச்சும்மா. அரை டீ டம்ளர் இருக்கும்னாங்க. உள்ள துணித்திரி வச்சிருக்காங்க, நாளைக்கு மாத்துவாங்களாம்." குரல் உடைந்தது. "ரெண்டு வாரம் கையைத் தூக்கி விளையாடக் கூடாதாம்."

"அடுத்த வருஷம் ஆடலாம்டி."

"அடுத்த வருஷம் பத்தாவதும்மா. விடுவியா நீ?"

அவள் மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "ஏண்டி அப்படிப் பொய் சொன்னே?"

"பின்ன? அந்த டாக்டர் உன்னைத் திட்டினா நீ தாங்குவியா? ஒரு வாரம் வீட்டுல சோறு தண்ணி கிடைக்காது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கைப்பைக்குள் போன் அடித்தது. திரையில் டீச்சர்.

எடுக்காமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். எடுத்தாள்.

"அக்கா, பார்லர் பூட்டியிருக்கே, எங்க இருக்கீங்க? எனக்குக் கட்டி உடைஞ்சிருச்சுக்கா, இப்ப தேவலை. ஆனா பாப்பாவுக்கு வந்திருச்சு. தொடையில. நீங்க சொன்ன களிம்பைத்தான் ரெண்டு நாளாப் போடறேன். ராத்திரியெல்லாம் தூங்கலை, உடம்பு அனலாக் கொதிக்குது. உடையவும் மாட்டேங்குது. உங்க கையால ஒரு தடவை அழுத்தி விட்டீங்கன்னா போயிரும்க்கா. பாப்பாவைத் தூக்கிட்டு மாடிப்படியிலதான் உட்கார்ந்திருக்கேன்."

"டீச்சர், அதைத் தொடாதீங்க. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"ஐயோ, டாக்டர்னா கத்தியை எடுப்பாங்கக்கா. பச்சப்புள்ளை. உங்களைவிடப் பெரிய டாக்டரா எனக்கு? எத்தனை மணிக்கு வருவீங்க சொல்லுங்க, நான் இங்கேயே இருக்கேன். இல்லன்னா நானே அழுத்திப் பார்க்கட்டுமா? நீங்க எப்படின்னு போன்ல சொல்லுங்க, போதும்."

பதினான்கு வருஷம் ஒவ்வொரு புருவமாகச் சேர்த்த பெயர் இப்போது குறுக்கே நின்றது. இன்னொருத்தி சொல்லியிருந்தால் டீச்சர் கேட்டிருப்பாள். கைராசி சொன்னதால் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு அங்கே மாடிப்படியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கொதிக்கிற குழந்தையோடு. ஏதாவது சாக்கு சொல்லலாம். சாக்கை அவள் நம்ப மாட்டாள், சாயங்காலம் வரை காத்திருப்பாள், பொறுக்க மாட்டாமல் தானே விரலை வைத்துவிடுவாள்.

"டீச்சர், கேளுங்க." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆஸ்பத்திரியிலதான் நிக்கறேன். என் பொண்ணுக்கும் இதேதான். நான்தான் அழுத்தினேன். இந்தக் கையாலதான். ரெண்டு தடவை. அது உள்ள பரவி, காய்ச்சல் வந்து, இப்ப கீறி எடுத்துப் படுக்க வச்சிருக்காங்க."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. உங்க பரு மேல பட்ட குச்சியைத்தான் திரும்பத் திரும்பச் சட்டியில விட்டேன். மறுநாள் அதே சட்டியிலதான் அவளுக்கும் பண்ணினேன். உடம்புச் சூடுன்னு உங்ககிட்ட சொன்னது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். பாப்பாவைத் தூக்கிட்டு இப்பவே கிளம்புங்க. நான் வாசல்லயே நிக்கறேன்."

போன் வைக்கப்பட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பினால், கதவருகே டாக்டர் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கட்டிலில் வாலு கண்ணை அகல விரித்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் கைராசி. "நான்தாங்க அழுத்தினது. அவ இல்லை. யாருக்கும் இல்லைன்னு உங்ககிட்ட சொன்னதும் பொய். பார்லர்ல வாக்ஸ் சட்டி சூடாத்தானே இருக்கு, கிருமி செத்துரும்னு நினைச்சேன்."

டாக்டர் கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். டாக்டர் கத்தவில்லை. களைத்துப்போன குரலில்தான் கேட்டாள். "தோலைச் சுடாத சூடு கிருமியை மட்டும் எப்படிங்க சுடும்?"

பதினான்கு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எவ்வளவு சின்னக் கேள்வி. அவளே ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

"அந்த டீச்சருக்கு அப்புறம் அந்தச் சட்டியில எத்தனை பேருக்குப் பண்ணினீங்க?"

"ஒன்பது பேரு." எண்ண வேண்டியிருக்கவில்லை. நடைவழியில் நடந்தபோதே மனம் எண்ணி வைத்திருந்தது.

"ஒன்பது பேருக்கும் இன்னைக்கே போன் பண்ணுங்க. கட்டி, பரு, சிவப்பு எது இருந்தாலும் அழுத்தாம வரச் சொல்லுங்க. இது தொட்டா ஒட்டிக்கும், வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா அவங்களையும் பார்க்கச் சொல்லுங்க. அந்த வாக்ஸ் மொத்தத்தையும் கொட்டிருங்க." டாக்டர் போகத் திரும்பியவள் நின்றாள். "அந்தக் குழந்தை வந்ததும் நேரா என்கிட்ட அனுப்புங்க. வரிசையில நிக்க வேண்டாம்."

டாக்டர் போன பிறகு வாலு முணுமுணுத்தது. "நான்தான் பழியை ஏத்துக்கிட்டேன்ல? எதுக்கும்மா சொன்னே? இனிமே யாரு வருவா உன்கிட்ட?"

"வராம போகட்டும்டி," என்றாள். வராமல் போனால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கையைத் தவிர வேறு ஒன்றும் அவளிடம் இல்லை. கணவர் மருந்தோடு வந்ததும் மகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் இரண்டு எட்டு முன்னால் போனாள். கட்டுப்போட்ட கிழவர் இறங்கினார். கர்ப்பிணி ஒருத்தி இறங்கினாள். ஒன்பது பேரில் முதல் ஆளுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாவது ஆள் எடுத்தாள், பாதி கேட்டதும், "என்னக்கா சொல்றீங்க!" என்று கத்தினாள். இருபது நிமிஷம் ஆனது. வர மாட்டாளோ, அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறாளோ என்று நினைக்க நினைக்க அவளுக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. தானே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று தெருவில் இறங்கியும்விட்டாள்.

அப்போது எதிர்ப்பக்கம் ஒரு வண்டி நின்றது. டீச்சர் இறங்கினாள். தலை கலைந்திருந்தது, தோளில் குழந்தை துவண்டு கிடந்தது. பார்லருக்கு வந்தால் உள்ளே நுழைந்ததுமே குழந்தையை இவள் கையில் திணித்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவாள் டீச்சர். அந்தப் பழக்கத்தில் கைராசி ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

டீச்சர் நின்றாள். நீட்டிய கைகளைப் பார்த்தாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்படி வாங்க. டாக்டர் சொல்லி வச்சிருக்காங்க," என்று சொல்லிக் கைகளைக் கீழே போட்டுக்கொண்டு, கைராசி முன்னால் வேகமாக நடந்தாள்.